ஐம்பது வயதுக்கு அரைக்கிலோ பட்டு!

பீரோ நிறையப் பட்டு இருக்கிறது. கட்டிக்கொள்ளத்தான் எதுவும் தோதாக இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய தமிழ்நாட்டுப் பெண்களின் பொதுப் புலம்பல் இது. கையைக் கடிக்காமல் உடையை வயதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எப்படி? பட்டு நெய்கிற ஆரணியிலேயே விடை இருக்கிறது.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் ஆரணியில் பல நெசவாளர் வீடுகளின் முன்னறையே கடையாகிவிடும். பாயின் மேல் வெள்ளைத் துணி விரிப்பு. பின்கட்டில் தறிச் சத்தம் ஓயாது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்க வரும் குடும்பங்கள் இந்தப் பாயில்தான் உட்காரும். மகள் கையகல ஜரிகைக் கரை போட்ட ஒன்றை இழுப்பார். “இதை எடுத்துக்கோம்மா, ஊரே பார்க்கணும்.” புடவை காட்டுகிறவர் அரக்கு நிறத்தில் ஒன்றை நகர்த்திவைப்பார். “பெரியம்மா வயசுக்கு இது அடக்கமா இருக்கும்.”

அம்மா இரண்டையும் பிரிக்க மாட்டார். மடித்தபடியே எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். “கனமா இருக்குதுடி. இதைக் கட்டிக்கிட்டு ஓமப் புகையில மூணு மணி நேரம் எப்படி உட்காருறது?”

மகளுக்கு ஜரிகை கணக்கு, கடைக்காரருக்கு நிறம் கணக்கு, அம்மாவுக்கு எடை கணக்கு. மூவரில் அம்மாதான் சரியான இடத்தைத் தொடுகிறார். வயதோடு உடை மாற வேண்டும் என்றால் முதலில் மாற வேண்டியவை எடையும் அளவும். நிறத்தைப் பற்றிப் பேச மற்றவர்களுக்கு உரிமையே இல்லை. செலவும் இந்த வரிசையில்தான் குறைகிறது.

கமண்டல நாகநதிக் கரையில்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியை ஒட்டிய ஊர் ஆரணி. ஒரு காலத்தில் ஜாகீர். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆரணிப் போரில் வென்றது பள்ளிப் புத்தக வரலாறு. இன்றைக்கு ஊருக்குப் பெயர் வாங்கித் தருபவை இரண்டு: அரிசி, பட்டு. தேவிகாபுரம், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரமெங்கும் தறிகள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தும் ஆரணி தனக்கென ஒரு வழியை வைத்திருக்கிறது. அழுத்தமான கல்யாணப் பட்டு காஞ்சிபுரத்தின் கௌரவம். சில சேலைகள் ஒரு கிலோவைத் தொடும். ஆரணியின் பலம் இலகுப் பட்டு. அரைக்கிலோ சுற்றளவில் நிற்கும். ஜரிகை அளவோடு இருப்பதால் விலையும் இறங்குகிறது. ‘கல்யாணப் பொண்ணுக்குக் காஞ்சிபுரம், கூட நிற்கிறவங்களுக்கு ஆரணி’ என்பது போன்ற ஒரு ஏற்பாடு பல வீடுகளில் சொல்லாமலே நடந்துவருகிறது. கூட நிற்கிறவர்களில் பாதிப்பேர் அத்தை, சித்தி, பெரியம்மாக்கள் என்பதைக் கவனித்தால் ஆரணிப் பட்டு யாருக்கான துணி என்பது விளங்கும்.

உடம்பு மாறுகிறது, புடவை மாறுவதில்லை

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. அதற்குச் சில ஆண்டுகள் முன்பும் பின்பும் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். இடுப்பில் சதை கூடும். தோள் சற்று முன்னே வளையும். வேலூர், ஆரணிப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இருபத்தைந்து வயதில் தெம்பாகத் தாங்கிய முகூர்த்தப் பட்டை ஐம்பதில் அதே வெயிலில் கட்டினால், பந்தி முடிவதற்குள் பின்னைக் கழற்றிவிட்டு நைட்டிக்கு ஓடத் தோன்றும்.

ஓடுகிற இடமாவது சரியா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. விலை மலிவு, துவைக்கச் சுலபம், இஸ்திரி வேண்டாம் என்று வாங்கிக் குவிக்கும் சேலைகளும் நைட்டிகளும் பாலியஸ்டர். உடம்பு கொதிக்கும் வயதில் அதைச் சுற்றிக்கொள்வது தண்டனை.

▌பெட்டிச் செய்தி: எந்தத் துணி எவ்வளவு ஈரம் உறிஞ்சும்?
▌வழக்கமான காற்று ஈரப்பதத்தில் ஒரு நூல் தன் எடையில் எத்தனை சதவீதம் ஈரத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் என்பதை நூற்பாலைகள் அளந்தே வைத்திருக்கின்றன.
▌பட்டு: சுமார் 11. பருத்தி: சுமார் 8. பாலியஸ்டர்: 0.4.
▌பட்டு உடம்பைச் சுடும் என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் பட்டு நூல் அன்று. ஜரிகையின் கனம், ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் பாலியஸ்டர் லைனிங், அடியில் கட்டும் சாட்டின் பாவாடை ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை அது. லைனிங்கையும் பாவாடையையும் பருத்திக்கு மாற்றினால் அதே புடவை வேறு புடவையாகிவிடும்.

அளவு ரவிக்கை என்னும் பழைய கணக்கு

குறைந்த செலவில் பெரிய மாற்றம் வேண்டுமென்றால் புடவையைத் தொடவே வேண்டாம். ரவிக்கையை மாற்றினால் போதும். புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி ஒல்லியானவருக்கும் உடம்பானவருக்கும் ஒன்றுதான். வயதைக் காட்டிக்கொடுப்பது ரவிக்கைதான். கை இறுகிப் பிதுங்கும், முதுகில் சுருக்கம் விழும், கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும்.

இதற்கு ஒரு முக்கியக் காரணம், ‘அளவு ரவிக்கை’ கொடுத்துத் தைக்கும் நம் வழக்கம். டெய்லரிடம் நின்று அளவு கொடுக்கக் கூச்சம், அல்லது நேரமில்லை. நன்றாகப் பொருந்திய ஒரு பழைய ரவிக்கையைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த ரவிக்கை எந்த வருடத்துடையது? பல வீடுகளில் பத்துப் பதினைந்து வருடம் பழையது. டெய்லர் அதைப் பார்த்து அச்சாகத் தைத்துத் தருகிறார். மார்பளவு மட்டும் உள்தையலில் பிரித்துவிடப்படும். தோள், கைக்குழி, கழுத்து எல்லாம் முப்பத்தைந்து வயதில் நின்றுபோன அளவுகள். நாற்பத்தைந்துக்கு மேல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டேப் வைத்துப் புதிதாக அளவெடுக்கச் சொல்ல வேண்டும். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அடுத்தது கை நீளம். மேல்கை தளர்ந்த பிறகு பாதிக்கையில் சங்கடப்படுகிறவர்கள் முழங்கை வரை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். சங்கடப்படாதவர்கள் கையில்லாத ரவிக்கை போட்டாலும் யாரும் கேட்பதற்கு இல்லை. கழுத்தை முன்னால் சற்று அகலமாக்கி, பின்னால் இறக்கத்தைக் குறைத்தால் வளையத் தொடங்கிய தோள் நிமிர்ந்து தெரியும். முதுகில் வைத்த கொக்கி கை எட்டாமல் போகும். முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உள்தையலில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணி விடச் சொன்னால் அடுத்த ஐந்து வருடத்துக்குப் பிரித்துப் பிரித்து ஓட்டலாம்.

ஒவ்வொரு பட்டுக்கும் அதனதன் ரவிக்கை என்ற நியதியையும் கைவிடலாம். அரக்கு, கறுப்பு, மங்கிய தங்க நிறம் ஆகிய மூன்றில், இன்றைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மூன்று ரவிக்கைகள் இருந்தால் பீரோவில் தூங்கும் பத்துப் புடவைகள் எழுந்து வந்துவிடும். மூன்றையும் தைக்கும் செலவு ஒரு புதுப் பட்டின் விலையில் சிறு பங்குதான்.

“வயசுக்கேத்த கலர்” என்று ஒன்று இருக்கிறதா?

மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் மகளுக்கு, அரக்கும் காப்பிப்பொடி நிறமும் அம்மாவுக்கு, இன்னும் மங்கிய ஏதோ ஒன்று பாட்டிக்கு. இந்தப் பங்கீடு எந்த ஜவுளிக் கடையிலும் எழுதிவைக்காத சட்டம். கணவரை இழந்தவருக்கு அது இன்னும் கொடுமையாக இறங்கும். ஒரு பெண்ணின் வயதும் தாலியும் அவர் கட்டும் புடவை நிறத்தில் தெரிந்தாக வேண்டும் என்று ஊர் நினைப்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் செய்தி. அதை ஏற்பதற்கு இந்தக் காலத்தில் ஒரு நியாயமும் இல்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைத்துப் பார்க்கலாம். 1916-ல் பிறந்தவர், 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடும்போது அவருக்கு ஐம்பது வயது. காஞ்சிபுரம் முத்து செட்டியார் அவருக்காக நெய்துகொடுத்த அடர்நீலம் ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே கடைகளில் பெயர் பெற்றது. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் எடுத்துக் காட்டுகிறார்கள். தனக்கு எது எடுக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டு அதையே பிடித்துக்கொண்டதால் வந்த பெயர் அது. ஒரு நிறம், வைர மூக்குத்தி, தலையில் மல்லிகை. வயதான பிறகும் அவர் அடையாளம் மாறவில்லை.

நரை வந்தவர்களுக்கு ஒரு நடைமுறை உண்மை மட்டும் சொல்லலாம். முகத்தைச் சுற்றிக் கறுப்பு குறைந்து வெள்ளை கூடும்போது, வெளிறிய நிறங்கள் முகத்தை மேலும் வெளிறவைக்கும். மயில் கழுத்து, ராமர் பச்சை, மிளகாய்ப்பழச் சிவப்பு போன்றவை தூக்கிக் கொடுக்கும். கடைக்காரர் ‘அடக்கமா இருக்கும்’ என்று நீட்டுவதற்கு நேர் எதிர்த் திசை இது. தயங்குகிறவர்கள் சேலையின் உடல் அடக்கமான நிறத்திலும், முந்தி எடுப்பான நிறத்திலும் வருகிறதைத் தேர்ந்தெடுக்கலாம். முகத்துக்குப் பக்கத்தில் நிற்பது முந்திதான்.

விசேஷத்துக்குப் பட்டு, வீட்டுக்கு நைட்டி

சிற்றூர், பேரூர் என்ற வித்தியாசமில்லாமல் நடுத்தர வயதுப் பெண்கள் அன்றாடம் உடுத்துவது நைட்டியாகிவிட்டது. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால் பூத்துக்கும் ரேஷன் கடைக்கும் அதுவே. சௌகரியம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. வருத்தப்பட வேண்டியது பணம் போகும் வழியைப் பார்த்துத்தான். வருடத்தில் நான்கைந்து நாள் கட்டும் பட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம். மிச்ச நாள் முழுவதும் உடம்பில் கிடப்பதற்கு, தெருவில் கூவி விற்கும் மலிவான துணி போதும் என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு வருடம் பட்டு எடுப்பதைத் தள்ளிவைத்தால் அந்தப் பணத்தில் மதுரை சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, கோவை கோரா காட்டன் என்று நான்கைந்து கைத்தறி வாங்கிவிடலாம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. மாதாமாதம் சிறு தொகை கட்டிச் சேர்க்கும் ‘கனவு நனவுத் திட்டம்’ அங்கே பல வருடங்களாக நடக்கிறது. கடைசித் தவணையை நிறுவனமே சேர்த்துக் கொடுக்கும், முதிர்ந்த தொகைக்குத் தள்ளுபடியோடு துணி எடுக்கலாம். நகைச் சீட்டு கட்டுகிற வீடுகளில்கூட இது அதிகம் தெரியாமல் இருக்கிறது.

புடவையிலிருந்து சுடிதாருக்கு மாறுகிறவர்களும் இந்த வயதில்தான் அதிகம். முழங்கால் வலி, பேருந்துப் படி, இருசக்கர வாகனம் என்று காரணங்கள் உண்டு. 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு போட்ட உடை விதி, புடவையோடு சல்வார் கமீஸையும் துப்பட்டாவோடு சுடிதாரையும் சேர்த்துச் சொன்னது. ஐம்பது வயதில் முதன்முதலாகச் சுடிதார் போடுகிறவர்கள் இடுப்பு பிடிக்காத நேர்வெட்டு டாப்ஸும், பருத்திப் பேண்ட்டும் எடுத்தால் போதும். துப்பட்டாவுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். இற்றுப்போன பட்டின் நல்ல பகுதி இரண்டரை மீட்டர் கிடைத்தால் அதுவே துப்பட்டா.

ஆண்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. தொந்தி விழுந்தவர்களுக்கு எட்டு முழ வேட்டியைப் போல மன்னிக்கும் உடை வேறில்லை. வேட்டி நிற்காது என்று பயப்படுகிறவர்களுக்கு இப்போது ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தே விற்கிறார்கள். சட்டையில் தோள் தையல் தோளிலேயே நிற்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

பழைய பட்டை விற்பதற்கு முன்

‘பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்’ என்ற பலகைகளும், ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளும் ஊருக்கு ஊர் பெருகிவிட்டன. அவர்களுக்கு வேண்டியது பட்டு அல்ல. ஜரிகையில் இருக்கும் வெள்ளியும் தங்கப் பூச்சும். 2025-ல் தங்கம் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, வெள்ளி கிலோ அதற்கு முந்தைய ஆண்டே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அம்மா காலத்து அசல் ஜரிகைப் பட்டு அந்தக் கணக்கில் ஒரு சிறு சொத்து. தெருவில் வந்து கேட்பவர் கண்மதிப்பாகச் சொல்லும் தொகைக்குக் கொடுத்துவிடாமல், ஜரிகையைச் சோதித்து விலை சொல்லும் இரண்டு இடங்களில் விசாரிப்பது நல்லது.

விற்காமலும் பயன்படுத்தலாம். மடிப்பில் இற்றுக் கிழிந்த சேலையில்கூடக் கரையும் முந்தியும் திடமாக இருக்கும். கரையைப் பிரித்தெடுத்து இலகுவான ஒற்றை நிறப் பட்டிலோ கோரா காட்டனிலோ வைத்துத் தைத்தால் பழைய ஜரிகையோடு எடை குறைந்த புடவை கிடைக்கும். சேலையின் உடல் நிறம் மங்கியிருந்தால் சாயமேற்றித் தருகிறவர்கள் உண்டு. துணி இற்றுப்போகாமல் இருந்தால்தான் சாயம் ஏற்ற வேண்டும். கொதிநீரில் போனால் நைந்தது மேலும் நையும். பளபளப்பு போனதற்கு பாலிஷ் போதும்.

▌பெட்டிச் செய்தி: வாங்கும்போது பார்க்க
▌ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும்.
▌ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிவது அசலுக்கு அடையாளம். மற்றவை ‘ஹாஃப் ஃபைன்’, ‘டெஸ்டட்’ என்ற பெயர்களில் வரும். எது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் தவறில்லை.
▌‘சில்க் மார்க்’ இருந்தால் நூல் சுத்தப் பட்டு என்று பொருள். கைத்தறியா விசைத்தறியா என்பதை அது சொல்லாது. அதற்கு ‘கைத்தறி முத்திரை’ தனியாக இருக்க வேண்டும்.
▌மடித்த இடத்திலேயே மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையும் ஜரிகைமேல் படும் பாச்சை உருண்டையும் ஆகாது.

இலகுப் பட்டின் மறுபக்கம்

எடை குறைந்த பட்டுக்கு வாடிக்கையாளர் கூடுவது ஆரணிக்கு நல்ல காலம் என்றுதானே தோன்றும்? தறிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நிலைமை அப்படி இல்லை.

கூலி நெசவாளருக்குச் சம்பளம் நாள் கணக்கில் வருவதில்லை; சேலைக் கணக்கு. வேலைப்பாடும் ஜரிகையும் கூடினால் கூலி கூடும். ஜரிகை குறைந்த சாதாக் கரைச் சேலைக்குக் கூலி குறைவு. சீக்கிரம் முடிவதால் எண்ணிக்கையில் ஈடுகட்டலாம் என்பது முதலாளிகளின் கணக்கு. பாவு (தறியில் நீளவாட்டில் ஏற்றும் இழைகள்) தீர்ந்து அடுத்த பாவு வரும் வரை தறி சும்மா நிற்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. நூல் இழைப்பதும், தார் சுற்றுவதும், இழை அறுந்தால் முடிச்சிடுவதும் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே.

அடுத்த இடி விசைத்தறி. கோர்வை வைத்த, அதாவது வேறு நிறக் கரையை உடலோடு இணைத்து நெய்த கனமான பட்டைப் போலி செய்வது கடினம். எளிமையான ‘சாஃப்ட் சில்க்’ அப்படியல்ல, விசைத்தறிக்கு அது அல்வா. 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் கரைபோட்ட பட்டுச் சேலை உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. அதை மீறி விசைத்தறியில் பட்டு நெய்கிறார்கள் என்று ஆரணி நெசவாளர்கள் திரும்பத் திரும்ப முறையிட்டுவருகிறார்கள். ‘லைட் வெயிட் வேணும்’ என்று மட்டும் கேட்டு வாங்கும் நடுத்தர வயது வாடிக்கையாளர், அது எந்தத் தறியில் நெய்தது என்று கேட்காமல் விட்டால், அவர் பணம் சேவூர் தறிக்குப் போகாது.

அந்தத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஐம்பது வயது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குழியில் கால் இறக்கி, மிதி மிதித்து, முதுகு வளைத்து முப்பது வருடம். பிள்ளைகள் சென்னைக்கும் ஓசூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட, தறியில் மிஞ்சியிருப்பவர்களில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களே அதிகம். நெய்பவருக்கும் கட்டுபவருக்கும் ஒரே வயது.

இருபது சென்டிமீட்டர்

ஆகவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், நூல் கொடுத்து நெய்து வாங்கும் மாஸ்டர் வீவர்களுக்கும் ஒரு கோரிக்கை. பட்டுச் சேலையோடு வரும் ரவிக்கைத் துணி வழக்கமாக 80 சென்டிமீட்டர். ஒல்லியான கல்யாணப் பெண்ணுக்குக் குட்டைக் கை வைத்துத் தைக்க அது போதும். நாற்பது அங்குல மார்பளவும் முழங்கைக் கையும் வேண்டுகிறவருக்குப் போதாது. டெய்லர் கைக்குழிக்குக் கீழே ஒட்டுப் போடுவார், இல்லையென்றால் வெளியே வேறு துணி வாங்கச் சொல்வார். அந்தப் பணம் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த ரெடிமேட் துணிக்குப் போகிறது.

ஆரணி இலகுப் பட்டில் ரவிக்கைத் துணியை ஒரு மீட்டராக்கலாம். ரவிக்கைத் துணியோடு ஆறேகால் மீட்டர் வரும் சேலையில் கூடுவது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். தறியில் ஏறிய பிறகு இதைச் செய்ய முடியாது. பாவு போடும்போதே, மூன்று சேலைக்கான பாவு என்றால் அறுபது சென்டிமீட்டர் கூட்டித் திட்டமிட வேண்டும். நூலுக்கும் அந்த இருபது சென்டிமீட்டர் நெசவுக்கும் சேர்த்துக் கூலியை உயர்த்தி, அதை விலையில் வெளிப்படையாகக் காட்டலாம். ‘முழங்கை ரவிக்கைக்குத் துணி உண்டு, கைத்தறி’ என்று ஒரு சீட்டு ஒட்டி விற்றால், இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கும் பெரியம்மாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அடுத்த தை முகூர்த்தப் பாவுகள் போடுவதற்குள் ஏதாவது ஒரு சங்கம் இதை ஐந்து தறியில் நெய்து பார்க்கலாம்.